பதினான்கு சொடுக்கு

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில்
முழங்கால் தரையை உரசியபோதும்
வண்டி அசையவில்லை.
அந்த இறுக்கத்தோடே ஊர்வரை ஓட்டிவந்தது
என் திமிர்.

மண்டபத்தில்
ஐஸ் ஆலைக் கணக்கை முடித்துவிட்டு
ஜெசிந்தா ஏறிக்கொண்டாள்.

பாம்பன் பாலத்தின் முதல் இணைப்பு
மணிக்கட்டில் அடித்தது.
இரண்டாவது, பல்லில்.
ஐந்தாவதில்,
"நிப்பாட்டு, நான் நடந்தே வாரேன்."

கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினேன்.
தெற்கிலிருந்து காற்று
சட்டையைப் பாயாக்கி இழுத்தது.
"என்ன ரிப்பேர்ண்ணே?"
செல்ஃபி எடுக்க வந்த பையன் கேட்டான்.
ரிப்பேர் இல்லை தம்பி,
ரொம்பச் சரியாக இருக்கிறது,
அதுதான் கோளாறு.

ஸ்ப்ரிங்கைத் தொடவில்லை.
அவள் உட்கார்ந்ததிலேயே
அது இறங்கவேண்டிய அளவு இறங்கியிருந்தது.
திறக்கவேண்டியது
உள்ளே எண்ணெய் போகும் வழியைத்தான்.

ஃபோர்க்கின் தலையில் ஸ்க்ரூ டிரைவர்.
ஆறில் இருந்தது. இடப்பக்கம் ஒரு சொடுக்கு.
இன்னொன்று.
பஸ் ஒன்று கடந்தபோது பாலமே குலுங்க
எண்ணிக்கை தவறி
மறுபடி மூடி, முதலிலிருந்து.
ஜெசிந்தா சத்தமாக எண்ணினாள்,
மீன் கூடை எண்ணுகிற ராகத்தில்.

பிறகும் இணைப்புகள் வந்தன.
ஒவ்வொன்றுக்கும் வண்டி
தலையாட்டிவிட்டுப் போனது.
அவள் என் முதுகில் சாய்ந்து
யாரிடமோ போனில்
நண்டு விலை பேசிக்கொண்டிருந்தாள்.

தங்கச்சிமடத்தில் இறங்கி
ஃபோர்க்கில் படிந்த உப்பைத் துடைத்தேன்.
நோட்டில்,
ட்ராக் எண்களுக்குக் கீழே ஒரு வரி:
ஜெசிந்தாவோடு, பதினான்கு.
தென்காற்று.