உள்ளே நின்றால் இடது

கைப்பிடி உடைந்தது போன வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம்.
அலுமினியம். சத்தமே இல்லை.
மில்லில் புகை விட்ட ராத்திரி
இழுத்த இழுப்பில் பாதி என் கையோடு வந்தது,
பாதி ஜன்னலோடு நின்றுவிட்டது.

"அடுத்த மாசம் வரும்போது போட்டுர்றேன்" என்றார் தேவேந்திரன்,
ஜொகூரிலிருந்து.
அதுவரைக்கும் ஒரு சிவப்பு ராஃபியா கயிறு:
சட்டத்தில் இரண்டு சுற்று, ஆணியில் ஒரு முடிச்சு.
அடுத்த மாசம் பதினான்கு தடவை வந்து போனது.
கயிறு வெளுத்து ரோஜா நிறமானது.
காற்றடித்தால் ஜன்னல் ஒரு விரற்கடை திறக்கும், மூடும்,
பேச வாயெடுத்து, சரி வேண்டாம் என்று விடுகிறவர் மாதிரி.

அந்த விரற்கடை போதும் செம்பனை மில்லுக்கு.
தலையணை உறையில் கரி.
சோற்றுப்பானை மூடியில் கரி.
பையனின் பள்ளிக்கூடச் சட்டையைத் திங்கட்கிழமை காலையில்
இரண்டாம் முறை துவைத்தபோதுதான்
உடைந்த பாதியை டிஷ்யூவில் சுற்றினேன்.

ஹார்ட்வேர் கடையில்
குலை வெட்டும் அரிவாள்களுக்கும் உர மூட்டைக்கும் நடுவே
தவுக்கேயின் மனைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இந்த மாடல் இப்போது வருவதில்லை.
இரண்டு ஓட்டைக்கு நடுவே எவ்வளவு?
அளந்து வைத்திருந்தேன். சொன்னேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
"கிரியா, கானானா?"
இடது என்றேன்.
"உள்ளே நின்னா, வெளியே நின்னா?"

அது எனக்குத் தெரியவில்லை.
அறையை நினைத்துப் பார்த்தேன். கட்டில், ஜன்னல்,
கயிற்றைப் பிடிக்கும் என் கை,
அது எந்தக் கை?
கடைக்கு நடுவில் நின்று காற்றில் ஒரு ஜன்னலை இழுத்தேன்.
சிமெண்டு வாங்க வந்தவர் ஒதுங்கி வழிவிட்டார்.
இரண்டையும் கொண்டு போ என்றாள் அவள்,
பொருந்தாததைத் திருப்பிக் கொடு.
பதினெட்டு வெள்ளி.

பழைய ஸ்குருவில் மூன்று முனகிக்கொண்டே வந்தன.
நாலாவதற்குத் தலை மழுங்கி
டிரைவர் சும்மா சுற்றியது.
தே ஓ ஐஸ் பொட்டலத்தின் வாயைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி
ஸ்குருத் தலையில் விரித்து, அதன்மேல் அழுத்தித் திருப்பினேன்.
ரப்பர் மரம் எல்லாம் வெட்டிச் செம்பனை வைத்த ஊரில்
இது எந்த நாட்டுப் பாலோ.
பிடித்துக்கொண்டது.

உள்ளே நின்றால் இடது.
வெளியே எப்படி என்று பார்க்கப் பின்பக்கம் போனேன்.
பதினொரு வருஷத்தில் முதல் தடவை
என் ஜன்னலுக்கு முன்னால் நான்.
கட்டில் கால் தெரிந்தது. காலண்டரின் பின்புறம் தெரிந்தது.
இவ்வளவும் தெரியுமா?

"கயிறு எங்கே?" கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து மலாயில் கேட்டார்
கக் ரொஹானி, துணி எடுத்துக்கொண்டே.
அது ராத்திரியில் ஆடினால்
நீ தூங்கவில்லை என்று தெரியும்.
நானும் எழுந்து கொஞ்சம் தண்ணீர் குடிப்பேன்.

என்ன சொல்வது என்று தெரியாமல்
அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன்.
அவர் ஜன்னலைக் கட்டியிருந்தது
பழைய தூடோங் ஒன்றிலிருந்து கிழித்த நீலத் துண்டு.
ஒரே வரைபடத்தைக் கண்ணாடியில் காட்டிக் கட்டிய தாமான் இது.
எனக்கு இடது என்றால்...

ஸ்பீக்கரில் போட்ட போனில் தேவேந்திரன், பின்னால் கிரேன் சத்தம்,
"யாரு போட்டது?"
"நான்தான். வைங்க, வேலை இருக்கு."

பையில் வலது கைப்பிடி. நாலு புது ஸ்குரு.
ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு
கால்வாய்ப் பலகையில் கால் வைத்தேன்.
பலகையும் ஆடுகிறது.