டோக்கனுக்குச் சாத்துக்குடி

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி வாசலில்
எட்டு வருஷமாய்ச் சாத்துக்குடி பிழிகிறேன்.
உள்ளே யாருக்கு என்ன என்று
வாங்குகிறவரை வைத்தே சொல்லிவிடுவேன்.
ஐஸ் வேண்டாம் என்றால் காய்ச்சல்.
சர்க்கரை வேண்டாம் என்றால் சர்க்கரை.
ரெண்டு டம்ளர் வாங்கி
ஒன்றை அங்கேயே நின்று மடமடவென்று குடித்தால்
பிரசவம், சுகம்.
வாங்கியதை வண்டிமேலேயே வைத்துவிட்டு
போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஓடினால்
அந்த டம்ளரை நான் வேறு யாருக்கும் விற்பதில்லை.

நோய் என்றால் சாத்துக்குடி.
எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஓ.பி. கவுன்டர் பக்கமே படுத்துக் கிடப்பதால்
டோக்கன் என்று பேர் வைத்தவர்
வாட்ச்மேன் இருதயராஜ்.
ஐப்பசி மழையில் நாலு நாள்
என் வண்டிக்கடியில் சுருண்டு கிடந்தது.
பொறையைத் தொடவில்லை.
மூக்கு, வெயிலில் விட்ட செருப்பு மாதிரி.

வேறென்ன செய்வேன்?
கூடையில் இருந்ததிலேயே கனமான பழம்.
கொட்டை நீக்கி, ஐஸ் போடாமல்,
தகர மூடியில் ஊற்றி வைத்தேன்.
மோந்தது.
மேலுதட்டை ஒருபக்கமாய்த் தூக்கிற்று.
நாலு தும்மல்.
பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே,
கடன் கேட்க வந்தவனிடம்
நான் வட்டிக்கணக்கு நீட்டினது போல.

விடவில்லை. சுளை உரித்துக் காட்டினேன்.
என் வாயில் ஒன்று போட்டு, மென்று,
"பார், எவ்ளோ இனிப்பு" என்றேன்.
அது தலையைத் திருப்பிக்கொண்டது.
எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிக்க வேண்டியது
நானா அதுவா என்று
சிகரெட்டைக் கீழே போட்டுச் சிரித்தார் இருதயராஜ்.

அப்போதுதான் யோசித்தேன்.
அமாவாசை மறுநாள் கெடிலம் பாலத்து முனையில்
குங்குமம் தடவி அறுத்துப் போட்ட எலுமிச்சைகள் கிடக்கும்.
டோக்கன் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போகும்.
பயபக்தி என்றல்லவா நினைத்திருந்தேன்.

மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம்.
அங்கேயும் சீட்டு எழுதினார்கள்.
"பேர் சொல்லுங்க."
"டோக்கன்."
"டோக்கன் அப்புறம் தர்றோம். பேர்?"

டாக்டர் நப்பின்னை காதுமடலைப் புரட்டிப் பார்த்து
உண்ணிக்காய்ச்சல் என்றாள்.
என்ன கொடுத்தீங்க?
சாத்துக்குடி.
நானே கூனிப்போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
"அதுவா விரும்பித் தின்னா ஒண்ணு ரெண்டு சுளை ஒண்ணும் பண்ணாது.
தோல் கூடாது, கொட்டை கூடாது. தோல்ல இருக்கிற எண்ணெய் ஆகாது.
எலுமிச்சை வேண்டவே வேண்டாம்.
நீங்களும் நானும் பழம் தின்னு தேடிக்கிற வைட்டமின் சி-யை
நாய் தன் ஈரல்லயே செஞ்சுக்கும்."

ஈரலில் சாத்துக்குடி காய்க்கிற பிறவிக்கா
நான் முப்பது ரூபாய்ப் பழத்தைப் பிழிந்தேன்!

மாத்திரையைக் கவலை மீனில் பொதித்துக் கொடுத்தேன்.
கவலையை ஒரே வாயில் விழுங்கிவிட்டு
வாலை ஒருதரம், ஒரே ஒருதரம், ஆட்டியது.

அன்றைக்கு இரவு கடை கட்டும்போதுதான்
வண்டிக்குப் பின்னால் இருக்கும் டிரம் கண்ணில் பட்டது.
தினம் எழுபது எண்பது பழத்துத் தோல்.
அதன் ஓரமாய்த் தூங்கும் குட்டிகள் மூன்று.
எட்டு வருஷமாய் அதற்கு மூடி கிடையாது.
நோயாளி எல்லாம் ஆஸ்பத்திரிக்குள்ளே இருக்கிறார்கள் என்று
என் பக்கத்துக் கணக்கை நான் பார்த்ததே இல்லை.

பழைய இரும்புக் கடையில் மூடி வாங்கினேன், நூற்றிப்பத்து ரூபாய்.

நேற்று கண்ணாடி போட்ட ஒரு பையன்
ஐஸ் வேண்டாம் என்றான்.
"அக்கா, இது உடம்புக்கு நல்லதுதானே?"
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக
"யாருக்கு?" என்று கேட்டேன்.
அப்பாவுக்கு என்றான். கிட்னி என்றான்.
"டாக்டரைக் கேட்டுட்டு வா தம்பி, பழம் எங்கயும் போகாது."

ஒரு டம்ளர் வியாபாரம் போயிற்று.
டிரம் மூடிமேல் டோக்கன் ஏறிப் படுத்திருந்தது.
மழை விட்டு அடித்த வெயில்
அங்கே மட்டும்தான் விழுந்தது.