எஃப்-ஆறு

சனிக்கிழமை, விடிய நாலே முக்காலுக்கு
ஹட்டனிலிருந்து கண்டி பஸ்.
லீக்ஸ் மூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நான்,
மடியில் பாடக்குறிப்பு.
கினிகத்தேனை வளைவுகளில் எழுத்துகள்
ஓடிப்போய்த் திரும்பி வருகின்றன.

புலனாய்வுப் பகுப்பாய்வில் முதுமாணி, இரண்டு வருஷம்.
"பொலிசுக்கா படிக்கிற?" என்றார் கண்டக்டர்.
இல்லை என்றேன்.
நாவலப்பிட்டி தாண்டியபின் ஆமாம் என்றேன்.

முதல் பாடம்:
சொன்னவருக்கு ஓர் எழுத்து, சொன்னதற்கு ஓர் எண்.
ஏ என்றால் இதுவரை பொய்க்காத ஆள்.
ஒன்று என்றால் வேறொரு வாயும் அதையே சொல்லியிருக்கிறது.
இரண்டையும் ஒட்டவிடக் கூடாது;
புளுகன் சொல்லியும் மழை பெய்யும்.
கடைக்கோடியில் எஃப்-ஆறு:
ஆளையும் தெரியாது, சேதியையும் தெரியாது.
வகுப்பில் எல்லோரும் அதைத் தொடக் கூசினார்கள்.
எனக்கு அதுதான் பிடித்தது.
தெரியாது என்பதற்கு ஒரு பெட்டி,
அதற்கும் ஒரு பெயர்.

பயிற்சி: ஏதாவதொரு பதிவேட்டை மதிப்பிடுக.
கடற்படை விக்கும் துறைமுகத்தை எடுத்தார்.
வங்கியில் வேலை செய்யும் ஷஸ்னா பணமாற்றை.
நான் அம்மாவின் கொழுந்துத் துண்டுகளை,
மார்ச் மாதம் முழுவதையும்.

பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு.
ஒரு பேருக்கு வேண்டிய கிலோ, அதற்கு மேல் ஒரு இலை இல்லை.
மனிதக் கை அவ்வளவு சரியாய்ப் பறிக்காது.
தராசு முள் இருபத்தொன்றில் நின்றது என்கிறாள் அம்மா.
பெற்றவளுக்கு எழுத்துப் போட விரல் தயங்கியது;
பி போட்டேன்.

கருதுகோள் ஒன்று: கொழுந்தில் ஈரம், அதனால் கழிவு.
இரண்டு: தராசு பழுது.
மூன்று: எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.
எது பொருந்துகிறது என்று பார்க்காதே,
எது இடிக்கிறது என்று பார், என்பது விதி.
ஈரம் இடித்தது; அந்த மாதம் டிக்கோயாவில்
பீலித் தண்ணிக்கே வரிசை.
தராசு இடித்தது; கெட்ட தராசு
ஒருநாளாவது கூடக் காட்டியிருக்குமே.
மிஞ்சியது மூன்று.
"பெரும்பாலும் சாத்தியம்" என்று முடித்தேன்.
நிச்சயம் என்ற சொல் எங்கள் துறையில் விற்பனைக்கில்லை.

அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள்:
"இதுக்கா ரெண்டு வருஷம்?
மடுவத்துல நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்."
"தெரியும்னா ஏன் யாரும் எழுதல?"
அவள் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள்.
ஒரு காய்ந்த இலை விழுந்தது.

வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.
ஒரு சனிக்கிழமை, கோடுபோட்ட சட்டைக்காரர் ஒருவர்
பிள்ளை மடுவத்தருகே சைக்கிளை நிறுத்தி
என்னைப் பற்றி விசாரித்தாராம்.
நான் கண்டியில்,
பின்னணிச் சோதனை என்ற அத்தியாயத்தில்.

அடுத்த காம்பரா செல்லக்கிளி: ராத்திரியெல்லாம் லைட் எரியும்.
தலைவர்: தாத்தா பேரு பிரஜாவுரிமைத் தாள்ல ஒண்ணு,
மரணச் சான்றிதழ்ல ஒண்ணு.
ஆறு வயது கவிஷன்: அக்கா பஸ்ல வாந்தி எடுப்பா.
கடை மாசிலாமணி: நல்ல புள்ள, ஒரு சதம் கடன் கிடையாது.

வரிசையாய் எழுதி மதிப்பிட்டேன், பழக்கதோஷம்.
செல்லக்கிளி பி-இரண்டு. கவிஷன் ஏ-ஒன்று.
தாத்தா, எந்தப் பெயரில் இருந்தாலும், எஃப்-ஆறு.
மாசிலாமணி அண்ணனிடம் வந்ததும் பேனா நின்றது.
நாலாயிரத்து இருநூறு,
அவருடைய சொந்தக் கொப்பியில், என் பெயருக்கு நேரே.

பத்தாம் திகதி, புதன், அம்மா சம்பளத்தில் கட்டினேன்.
எண்ணாமலே பெட்டியில் போட்டார்.
"இப்ப என்ன அவசரம்?" என்றார்.
நீங்கள் சொன்னது மெய்யாகட்டும் என்று, அண்ணே.
ஆனாலும் சனி முதல் புதன் வரை நாலு நாள்
அது பொய்யாகத்தான் இருந்தது.
அந்த நாலு நாளை எந்த எழுத்தின் கீழ் வைப்பதென்று
பாடக்குறிப்பில் தேடுகிறேன்.
கினிகத்தேனையில் பஸ் வளைகிறது.