டியூ

எழுபத்தைந்து காசு இன்லேண்டு லெட்டரில் நூறு
மொத்தமாக வாங்கி
ரிக் வண்டியின் டூல்ஸ் பெட்டிக்குள் வைத்தார்,
கல்யாணமான பதினெட்டாம் நாள்.
"நூறு எத்தன வருசத்துக்குங்க வரும்?"
"நீ பதில் போடறதப் பொறுத்து."
வண்டி சங்ககிரி ரோட்டில் திரும்பி
வடக்கே போனது.

நாந்தேடு, ராய்ப்பூர், பேர் வாயில் நுழையாத ஊர்கள்.
எல்லாக் கடிதமும் ஒரே கடிதம்தான்:
நலம். முன்னூத்தி எண்பது அடி. புகைதான் வருது.
நலம். ஐநூத்திப் பத்து. ரெண்டு இஞ்சு தண்ணி.
நலம். கல்லு கெட்டி. பிட்டு உடைஞ்சுபோச்சு.
அனுப்புநர் இடத்தில் ஊர் இருக்காது,
வண்டி நம்பர் மட்டும்.

பிறகு இன்லேண்டு ஒரு ரூபாய் ஆனது.
டெல்லியில் ஏற்றினால்
டூல்ஸ் பெட்டிக்கு எப்படித் தெரியும்?
போஸ்ட்மேன் அர்த்தனாரி வாசலில் சைக்கிளைச் சாய்த்து
"தங்காயி, டியூ" என்றார்.
குறைவது கால் ரூபாய்,
வாங்குகிறவள் தர வேண்டியது அரை.
"அதென்னங்க, ஒட்டாதவரு அங்க, தண்டம் இங்கயா?"
"சட்டம்மா" என்றார், சில்லறையை எண்ணிக்கொண்டே.

ஒன்றரை ஆனபோது ஒன்றரை கொடுத்தேன்.
இரண்டு ஆனபோது இரண்டரை.
மேலே ஒரு ஸ்டாம்பு ஒட்டக் கூடாதா என்று எழுதினேன்.
காட்டுக்குள்ள ஸ்டாம்புக்கு எங்க போறது என்று
டியூவில் பதில் வந்தது.
தறிக்குத் தார் சுற்றிய கூலியில்
தண்ணி வராத குழிகளுக்கெல்லாம்
நான் காசு கட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டரை ஆன வருசம்.
ஆடி மாசம், மூன்று நாளாகக் கரண்டு இல்லை,
பையனுக்குக் காய்ச்சல்.
மூன்று ரூபாய் ஐம்பது காசு என்றார் அர்த்தனாரி.
டப்பாவில் பதினோரு ரூபாய் இருந்தது.
இல்லாமல் இல்லை.
"வேண்டாங்க, திருப்பி அனுப்பீருங்க."
"எங்கன்னு திருப்பறது? வண்டி நம்பருக்கா?"
வாங்க மறுத்தார் என்று
பால்பாயிண்டில் அழுத்தி எழுதினார்.
நீலம் காக்கிப் பைக்குள் போனது.

வைகாசித் தேருக்கு ஊர் வந்தவரிடம் கேட்டேன்,
அதில் எத்தனை அடி என்று.
சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார்.
"அந்த ஒண்ணுலதான்
அடிக்கணக்கு எழுதல."
அதற்கு மேல் நானும் தோண்டவில்லை.

அப்புறம் செல்போன் வந்தது.
தினமும் பேசினார், அடிக்கணக்கு.
இன்லேண்டு விலை அந்த இரண்டரையிலேயே
வெகுகாலம் நின்றுபோனது.
என் பாக்கியும்.

வண்டியை விற்ற அன்று
டூல்ஸ் பெட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது.
ஸ்பேனர்களுக்கு அடியில் பதினாலு மிச்சம், கிரீஸ் ஊறி.
உள்ளதில் சுத்தமான ஒன்றை எடுத்துக்கொண்டு
போஸ்ட் ஆபீஸ் போனேன்.
ஒன்றேமுக்கால் ரூபாய்க்கு ஸ்டாம்பு இல்லையாம்.
இரண்டு ரூபாய் ஒட்டினேன்.
கால் ரூபாய் சர்க்காருக்குக் கூடுதல், போகட்டும்.

டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
திருப்பிப் பார்த்தார்.
ஸ்டாம்பை விரலால் தடவினார்.
"யாருக்கு?"
பேனாவையும் வைத்துவிட்டு
மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன்.

திரும்பி வந்தபோது
நலம் என்று எழுதி
புள்ளி வைத்திருந்தார்.
பேனா இன்னும் மூடவில்லை.