வட்டத்துக்கு வெளியே எழுபது மூட்டை

போன சித்திரையில் முதலாளி கஜபதி
கோயமுத்தூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்
கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றாமலே திரும்பினார்.
'இனி யாவாரம் போனுக்குள்ள' என்றார்.
எனக்கு அதில் சண்டையில்லை.
வேலந்தாவளம் மண்டியில் ஒன்பது வருசம்
கார்பன் தாளின் கறுப்பைக் கழுவிக் கழுவிச்
சோறு தின்றவள் நான்.

ஆப் வந்தது.
கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.
ஆள் உள்ளே நின்றால் பச்சை, தாண்டினால் சிவப்பு,
பச்சை நிமிசத்துக்குத்தான் கூலி.

கடை இருப்பது கேரளத்தில்.
சரக்கு இறங்குவது ரோட்டுக்கு அந்தப்பக்கம்,
தமிழ்நாட்டில்.
லாரி திரும்ப அங்கேதான் இடமிருக்கிறது.
இதை யாரும் வட்டத்திடம் சொல்லவில்லை.

முதல் நாள் அறிக்கை.
மாசிலாமணி, எழுபது மூட்டை சின்ன வெங்காயம் சுமந்தவர்:
பணியில் இல்லை.
அனிபா ராவுத்தர், ஒரு புடலங்காய் முறியாமல்
லோடு முழுக்க இறக்கியவர்:
பணியில் இல்லை.
கல்லாவை ஒட்டி ஃபேனுக்குக் கீழே
முதலாளியின் மச்சினன் பார்த்த படங்கள் மட்டும்
அத்தனையும் பச்சை.
அவர் பெயருக்கு மேலே திரையில்
பட்டாசு வெடித்தது.

ராத்திரி ஒவ்வொன்றாய் நான் திருத்தினேன்.
திருத்தக் காரணம் கேட்டது.
விடுப்பு, மருத்துவம், பயணம், மற்றவை.
நான்கில் ஒன்றைத்தான் தொடலாம்.
எழுபது மூட்டையும் மற்றவை ஆயின.

ஒன்று சொல்லியாக வேண்டும்.
அழுகல் கணக்கு பாதியாகிவிட்டது.
பாலக்காட்டுக் கடைக்காரர்கள் முந்தின ராத்திரியே
எத்தனை பெட்டி என்று எழுதிவிடுகிறார்கள்.
சாயங்காலம் குப்பைமேட்டில் சிவந்து கிடக்கும் தக்காளியை
இந்த வருசம் நான் அதிகம் பார்க்கவில்லை.
அந்த ஆப்பைத் திட்ட வாயெடுத்தால்
இது குறுக்கே வந்து நிற்கிறது.

ஒரு வியாழக்கிழமை
என் மேசைக்கு அடியில் நீலப் பிளாஸ்டிக் பெட்டி வந்தது.
அதற்குள் பதினோரு போன், மேலே ஒரு சாக்கு.
யார் யோசனை என்று நான் கேட்கவில்லை.
தெரிந்துகொண்டால் பதிவு செய்ய வேண்டிவரும்.

அன்றிலிருந்து எல்லாரும் நாள் முழுக்கப் பச்சை.
ஆட்கள் தமிழ்நாட்டில் சுமந்தார்கள்,
அவர்களின் வருகை கேரளத்தில் என் காலடியில்
அதிர்ந்துகொண்டிருந்தது.

எடுத்தால் யாராவது ஒரு வீடு.
'கேஸ் வந்திருக்கு, காசு எங்க வெச்சாரு?'
'சீட்டு இன்னைக்கா நாளைக்கா?'
'ஒண்ணுமில்ல, சும்மா கூப்பிட்டேன்.'
அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதி
டீக்கடைப் பையன் கையில் கொடுத்தனுப்புவேன்.
பதில் இன்னொரு துண்டில் வெங்காயத்தோல் ஒட்டி வரும்.
'சும்மா' என்று வந்ததையும்
எழுதித்தான் அனுப்பினேன்.

'பாத்தியா ஷெரீபா, தொண்ணூத்தியாறு சதவீதம்.'
முதலாளி காட்டிய கோடு
பந்தலேறும் பாகற்கொடிபோல் போய்க்கொண்டிருந்தது.
பாவம், அவருக்கு அன்று முகமே வேறாய் இருந்தது.
அந்த மாதம் எல்லாருக்கும் ஐந்நூறு கூடக் கொடுத்தார்.
மச்சினனுக்கும்.

நேற்று கம்பெனியிலிருந்து ஒரு பையன் பேசினான்.
ஐந்து நட்சத்திரம் கேட்டான்.
ஏதாவது பிரச்சனை உண்டா மேடம் என்றான்.
வட்டத்தை நாற்பதடி கிழக்கே
நகர்த்த முடியுமா என்று கேட்டேன்.
வெளியே மழை. ரிவர்ஸ் எடுக்கும் லாரிக்கு
மாசிலாமணி தட்டிக் குரல் கொடுப்பது
அவனுக்கும் கேட்டிருக்கும்.

'அதுக்கு பிரீமியம் பிளான் எடுக்கணும் மேடம்.'

மூன்று நட்சத்திரம் போட்டேன்.
சாக்குக்கு அடியில் எதுவோ மறுபடியும் அடித்தது.
பெட்டியைக் காலால்
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுக்
குனிந்தேன்.