நான்கு கிலோ முந்நூற்றுப் பத்து

மூன்று வாரத்தில் பதினொரு முறை
செத்துவிட்டது அந்தக் கணினி.
ஈசாஃபியோர்துர் துறைமுகத்தில்
மீன் எடை போடும் கூடத்து மூலையில்
எஃகுப் பெட்டிக்குள் இருப்பது.

முதல் சாவை வியெஸ்வாவ்
கைபேசியில் பிடித்து அனுப்பினான்.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
வேண்டிய வரியின் மேல் அவன் கட்டைவிரல்.
இரண்டாவது படத்தில் விரல் இல்லை,
ஆனால் வரியே வேறு.

கோப்புகளை அடுக்குமிடத்தில் விழுந்தது கெர்னல்.
அடுத்து வலைத்தொடர்பில்.
பிறகொரு நாள்
மணி என்ன என்று யாரோ கேட்டதற்கே மாண்டது.
பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.
இங்கே பழிக்குப் பதினொரு முகவரி,
பாவத்துக்கு ஒன்றுகூட இல்லை.

நினைவகச் சில்லுகளை மாற்றினேன்.
மின்வழங்கியை மாற்றினேன்.
தோர்கெல் பில்லைப் பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஜன்னலில் ஒன்றுமில்லை. ஜனவரி.
மலைக்குப் பின்னால் போன சூரியன்
வர இன்னும் பத்து நாள்.

சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
'இங்கே வந்தேன்' என்று அச்சிடு, அவ்வளவுதான்.
ஆறு நாள் சாகவில்லை.
வரியை எடுத்தேன், அன்றிரவே செத்தது.
மறுபடி வைத்தேன், பிழைத்தது.
அப்படியே விட்டுவிடு ஹால்வெய்க், என்றார் தோர்கெல்.
விட்டிருக்கலாம்.
தூக்கம் வந்திருந்தால் விட்டிருப்பேன்.

வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
காலி செய்தாயிற்று, சாவி கைமாறிவிட்டது,
அடுத்த குடும்பம் பெட்டி படுக்கையோடு உள்ளே.
முன்பு இருந்தவரின் நண்பன் ஒருவன்
பழைய முகவரிச் சீட்டோடு நள்ளிரவில் வருகிறான்.
விளக்குப் போடாமல்
நண்பனின் சட்டைதானே என்று
யார் சட்டைப்பையிலோ கைவிடுகிறான்.
காலையில் அலறுவது அந்தக் குடும்பம்.
வந்தவன் எப்போதோ போயிருப்பான்.

ஆகவே பொறி வைத்தேன்.
காலியாகும் வீட்டுச் சுவரிலெல்லாம்
ஒரே எழுத்தைப் பூசிவை என்று
கெர்னலிடம் சொல்ல வழியுண்டு:
6பி 6பி 6பி 6பி.
சடலத்தை முழுதாக வட்டில் எழுதவும் சொல்லிவைத்தேன்.
அச்சு வரியைக் கழற்றினேன்.

பன்னிரண்டாவது சாவு, வியாழன் இரவு 2.52.
முகவரி இருக்கவேண்டிய இடத்தில்
6பி 6பி 6பி 6பி.
கையெல்லாம் வண்ணத்தோடு அகப்பட்டது
தராசின் இயக்கி.
நான்கு வருடம் முன்பு
அதை எழுதியவள் நான்தான்.

எடை கேட்டிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறது,
அதற்குள் கம்பி போய்விட்டது.
ஒரு செயலி வீட்டைக் காலி செய்ய
இன்னொன்று அதே நொடியில் உள்ளே கால் வைக்க.
என் அச்சு வரி
அந்தக் காலைக் கொஞ்சம் தாமதப்படுத்தியிருக்கிறது,
வேறு புண்ணியம் எதுவும் செய்யவில்லை.

கம்பி ஏன் போனது?
அடுத்த இரவு நானே போய் நின்றேன்.
கிரஜீனா வெந்நீர்க் குழாயோடு வந்தாள்.
தராசு நனையக்கூடாதென்று
கம்பியைப் பிடுங்கி, முனையை
நெகிழித்தாளில் சுற்றி முடிந்தாள்,
பொட்டலம் கட்டுகிற பொறுமையோடு.
படகு தாமதமாகும் இரவுகளில்
கடைசி மீன் தட்டிலேயே கிடக்கும்.
அந்த இரவுகளில் மட்டும்.

அப்போ நான்தானா? என்றாள்.
இல்லை. கம்பி என்றிருந்தால்
யாராவது பிடுங்கத்தான் செய்வார்கள்.

திருத்தம் இரண்டே வரி.
உள்ளே போகையில் ஒன்று கூட்டு,
வெளியே வருகையில் ஒன்று கழி.
பூஜ்யம் ஆகும்வரை
வீட்டை வேறு யாருக்கும் கொடுக்காதே.

சடலத்தில் வண்ணம் படாத ஒரு மூலையில்
தராசு கடைசியாகச் சொன்னது கிடந்தது:
4.310.
யாரும் குறித்துக்கொள்ளாத ஒரு காட் மீன்.
கிரஜீனா கையுறையைக் கழற்றிவிட்டு
பேரேட்டில் எழுதினாள்.
மீதிப் பதினொன்று? என்றாள்.

அவற்றின் சடலத்தை நான் எடுத்துவைக்கவில்லை.
லிஸ்பனில் யாராவது சாப்பிட்டிருப்பார்கள், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பதினொரு வரி காலியாக விட்டு
தேதி மட்டும் போட்டாள்.