கூடல்வாய்

அவர் வீடு தெற்கு வடக்காகச் சாய்ந்த ஓடு.
என் சேமிப்பில் எழுந்த புது அறை
கிழக்கு மேற்காக.
இரண்டும் முட்டுகிற மூலை
போன வருஷம் முதல் மழைக்கே ஒழுகியது.

நேர் கீழே பிள்ளைகளின் கட்டில்கள்.
என் மகன் தலையணையைத் தூக்கிக்கொண்டு
என்னிடம் வந்துவிட்டான்.
அவர் மகள் சுபிக்ஷா
ஈயப் போணி ஒன்றைச் சொட்டுக்கு நேரே வைத்துவிட்டு
அங்கேயே படுத்தாள்
சுவரைப் பார்த்து.

கொத்தனார் சிமெண்டைக் குழைத்து அப்பினார்.
சித்திரையில் அது விரல் நுழையும் அளவு வெடித்தது.
மறுபடி அப்பினார்.
மறுபடி சித்திரை வந்தது.

புரட்டாசிக் கடைசியில்
தகரப் பட்டறை அபூதாகிர்
செக்கானூரணியிலிருந்து எக்ஸெல்லில் வந்தார்.
ஒழுகிய கறையைக் காட்டினேன், பார்க்கவில்லை.
மேலே ஏறி ஒரு வாளித் தண்ணீரை
என் கூரையில் ஊற்றினார்.
பிறகு ஒரு வாளி அவர் கூரையில்.

“அக்கா, ஒங்க கூரை நட்டுக்குத்தலா நிக்கிது.
சாரோடது சாஞ்சு கெடக்கு.
ஒங்க தண்ணி ஓடியாந்த வேகத்துல
எதிர் ஓட்டுக்கு அடியில ஏறுது.”
யாரோ என்னைப் பற்றிப் புகார் சொன்னதுபோல்
காது சூடானது.
அவர் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“வேலி ஷீட்டு போட்டுருவோம்.”
வேலியா?
ஏற்கெனவே வீட்டுக்குள் எத்தனையோ இருக்கிறதே.
“அது இங்கிலீசு வேலிக்கா.
மர ஆசாரிங்க கூடல்வாய்ம்பாங்க.”

கூடல் என்பது மதுரைக்கு இன்னொரு பெயர் என்று எழுதி
பள்ளியில் இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.
அதற்கு வாய் உண்டு என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

பிளாஸ்டிக்: இந்த வெயிலுக்கு மூன்று வருஷம்.
அலுமினியம்: எடை இல்லை, நல்லதுதான்,
ஆனால் பழைய சிமெண்ட் அதை அரித்துத் தின்றுவிடும்.
செம்பு என்று அவர் வாயெடுத்ததும்
“கோபுரமா கட்டுறீங்க சார்?”
கடைசியில் ஜி.ஐ. தகடு,
கனம் கூடியது, மேலே வண்ணப் பூச்சு.
பாதிப் பணம் அவர், பாதி நான்.
அதைப் பேசி முடிக்கத்தான் ஒரு ராத்திரி ஆனது.

சிமெண்டைக் கொத்திக் கொட்டியபோது
ஒரு ஓணான் இறங்கி ஓடியது, கோபமாக.

கீழிருந்து தொடங்கினார்.
மேல் தகடு கீழ்த் தகட்டின் மீது
அரையடி ஏறிப் படுக்கவேண்டும்.
நடுவில் ஆணி கூடாது,
ஓரத்தில் மட்டும், அதுவும் மடிப்பைக் கவ்வுகிற கொக்கிக்கு;
வெயிலில் தகடு நீளும், அதற்கு இடம் வேண்டுமாம்.
தகட்டின் நட்ட நடுவே
ஒரு அங்குலம் மடித்து நிமிர்த்தியிருந்தார்,
வகிடு போல, ஆனால் மேடாக.
“வேகமா வர்ற தண்ணி இதுல முட்டி நிக்கும்.
அப்புறம் ரெண்டும் சேந்தே எறங்கும்.”

ஓடுகளை அறுத்து
இடையில் ஒரு சாண் வெட்டவெளி விட்டார்.
“இதை மூடினா பார்க்க நல்லாருக்குமே” என்றார் அவர்.
“குப்பை எங்கிட்டுப் போகும் சார்?”

ஐப்பசி இரண்டாம் வாரம்
நாகமலைப் பக்கமிருந்து இறங்கியது மழை.
அவர் டார்ச் அடித்து மோட்டைப் பார்த்தபடி நின்றார்.
மகன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான்,
தலையணை மடியில், கிளம்பத் தயாராக.
தலைக்கு மேல் தகடு
தடதடவென்று பேசிக்கொண்டே இருந்தது.
போணி காய்ந்து கிடந்தது.
அதை எடுத்து வைக்கப் போனேன்.
“இருக்கட்டும்” என்றாள் சுபிக்ஷா.
நான்கு மழைக்கு அது அங்கேயே இருந்தது.

கார்த்திகையில் வேப்பிலை அடைத்து
மேலே தண்ணீர் கட்டியது.
அவர் வேலைக்குப் போயிருந்தார்.
ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.
அவள் ஏறினாள், பாவாடையைச் செருகிக்கொண்டு.

என்னை அவள் இதுவரை
எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
அன்றும் இல்லை.
கையை மட்டும் கீழே நீட்டி,
“குச்சி” என்றாள்.
கொடுத்தேன்.

கறுத்த தண்ணீர்
ஒரே மூச்சில் என் தலைமேல் விழுந்தது.
மேலே அவள் சிரிக்கிற சத்தம்.
ஏணியை விடவில்லை நான்.